காட்டில் கிழங்கு, கடலில் சூரை: ஆதிமனிதர்கள் தீவுகளில் வாழ்ந்த விதம்

நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன், தீபகற்ப மலேசியாவிலிருந்து சரவாக் செல்லப் படகு தேவைப்படவில்லை. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்ததால் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஒரே நிலமாக இணைந்திருந்தன. ஆய்வாளர்கள் அதனைச் சுண்டாலாந்து என்கின்றனர்.

சரவாக்கின் நியா குகையில் 1958-இல் டாம் ஹாரிசன் குழுவினர் கண்டெடுத்த மண்டையோடு ஏறக்குறைய அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்தோர் காட்டுப்பன்றியையும் குரங்கையும் வேட்டையாடினர். மலாய்க்காரர்கள் 'ஊபி கடோங்' என்றழைக்கும் நச்சுக் கிழங்கின் தடயங்களும் அங்கு கிடைத்தன. நஞ்சை நீக்காமல் அதை உண்ண முடியாது. நியா குகைகள் 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

தீமோர் தீவின் நிலை வேறு. அது எக்காலத்திலும் ஆசிய நிலப்பரப்போடு இணைந்திருக்கவில்லை. ஆழ்கடலைக் கடந்தே அங்கு செல்ல முடியும். அவர்கள் சென்ற மரக்கலங்கள் மக்கிப்போயின. ஆனால் கிழக்குத் தீமோரின் ஜெரிமாலாய் குகையில், 42,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்த சான்றுகள் உள்ளன.

அத்தீவில் வேட்டைக்குப் பெரிய விலங்குகள் அரிது. எனவே கடலே அவர்களுக்குச் சோறு போட்டது. அக்குகையில் கிடைத்த 38,000-க்கும் மேற்பட்ட மீன் எலும்புகளில், வேகமாக நீந்தும் சூரை மீனின் எலும்புகளும் அடங்கும். சிப்பியைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளும் அங்கு கிடைத்தது. அதன் வயது 16,000 முதல் 23,000 ஆண்டுகள்.

பின்னர் பனி உருகிக் கடல் உயர்ந்தபோது போர்னியோவும் தீவானது. அதற்கு வெகுகாலம் முன்பே, காட்டிலும் கடலிலும் பிழைக்கும் வழியை மனிதர்கள் கற்றிருந்தனர்.