டாக்டர் ஆகாமல் போன பெண்

ரெண்டு மாசமா ஒரு சிறுகதையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். சரித்திரக் கதை. ராஜா கிடையாது, குதிரை கிடையாது, ரகசியச் சுரங்கப்பாதையும் கிடையாது. 1878-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த ஒரு பெண்ணைப் பற்றிய கதை. கதை இன்னும் முடியலை. முடியுமாங்கறதே சந்தேகமா இருக்கு. அதற்காகப் படிச்ச சங்கதிகளையாவது எழுதி வெச்சுடலாம்னு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கணும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். எங்கம்மா பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். சுதந்திரத்துக்குப் பிறகு அது கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி ஆயிடுச்சு. ஆனா எங்க பாட்டி கடைசி வரைக்கும் 'கோஷா' என்றுதான் சொன்னாங்க. இன்னைக்கும் அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கிட்ட கோஷா ஆஸ்பத்திரின்னா போதும், வழி கேட்கவே மாட்டார்.

பாட்டிக்கு ஒரு அக்கா இருந்தாங்க. தலைப்பிரசவத்திலேயே போயிட்டாங்க. "மூணு நாள் வலியில கெடந்தா. டவுன்ல டாக்டர் இருந்தாரு. ஆம்பளை தொட்டுப் பாக்குறதான்னு புகுந்த வீட்ல கூப்பிடவே இல்லை" என்று பாட்டி சொல்வாங்க. அந்த பயத்திலேயே, தான் உண்டானப்போ அடம்பிடிச்சுப் பட்டணத்துக்கு வந்திருக்காங்க. "அங்க லேடி டாக்டரு இருந்தாங்க. எங்கிட்ட பேரு கேட்டாங்க, பயப்படாதேன்னாங்க. அவ்வளவுதான்டா. பெத்துட்டு வந்துட்டேன்." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை.

சரி, அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது?

மேரி ஷார்லீப் என்று ஒரு இங்கிலாந்துப் பெண்மணி. 1865-இல் கல்யாணம், அடுத்த வருஷமே மெட்ராஸ் வாசம். கணவர் இங்கே பாரிஸ்டர். பிரசவத்தில் இந்தியப் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அது போதாது என்று தெரிந்ததும் மருத்துவமே படிக்க ஆசைப்பட்டார். மூணு குழந்தைகளுக்குத் தாய் அப்போது!

1875-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதற்காக வாதாடியவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபோர். முதல் அணியில் நாலே பெண்கள், அதில் ஷார்லீப் ஒருத்தர். பிரிட்டனிலேயே அப்போது பெண்கள் மருத்துவம் படிப்பது பெரிய ரகளையாக இருந்த காலம். 1870-இல் எடின்பரோவில் மாணவிகளைப் பரீட்சை எழுத விடாமல் கூட்டம் கூடிக் கலாட்டா செய்தார்கள். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒத்துக்கொண்டதே 1878-இல்தான். அந்த வகையில் நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் இருக்கிற காலேஜ் முந்திக்கொண்டது. 

ஷார்லீப் 1878-இல் இங்கே தேறினார். பிறகு லண்டன் போய் 1882-இல் பட்டமும் வாங்கினார். 1883-இல் மெட்ராஸ் திரும்பினார். 1885-இல் ஜாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி ஆரம்பமானது. கோஷா என்றால் ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருக்கிற பெண்கள். (பேரிலேயே ஜாதி இருப்பதைக் கவனிச்சிருப்பீங்க. அந்தக் காலத்து நல்ல காரியங்களுக்கும் அப்படி ஒரு வாசற்படி இருந்தது.) பாட்டியிடம் பேர் கேட்ட லேடி டாக்டர் நின்ற இடம் அப்படி உண்டானதுதான்.

இவ்வளவு தெரிஞ்சதும் கதை தயார்னு நினைச்சேன். கதாநாயகி ஒரு இந்தியப் பெண். காலேஜில் சேர்கிறாள், கேலி, எதிர்ப்பு, கண்ணீர், கடைசியில் தங்க மெடல், கைதட்டல். சுபம்.

எழுதிப் பார்த்தால் சினிமா மாதிரி இருந்தது. சரி, மத்தவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்க்கக் கிளம்பினேன்.

முதல்ல மாட்டியது 'ஆனந்தி கோபால்'. எஸ்.ஜே. ஜோஷி மராத்தியில் எழுதிய நாவல், 1968-இல் வந்தது. நாடகமாச்சு, 2019-இல் மராத்திப் படமும் வந்தது. ஆனந்திபாய் ஜோஷியின் கதை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1865-இல் கல்யாணில் பிறப்பு. 9 வயசில் கல்யாணம். மாப்பிள்ளை கோபால்ராவ் தபால் இலாகா குமாஸ்தா, மனைவியை இழந்தவர், வயசில் ரொம்பப் பெரியவர். 14 வயசில் பிறந்த குழந்தை பத்து நாளில் போய்விட்டது. 1883-இல் கணவர் இல்லாமல் கப்பலேறி அமெரிக்கா. 1886-இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் எம்.டி. கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் வேலையும் தயார். ஆனால் காசநோய். 1887 பிப்ரவரியில் புனேயில் இறந்தார். 22 வயசு கூட நிறையலை. ஆஸ்பத்திரி வேலையில் உட்காரவே இல்லை.

நாவலின் தலைப்பைப் பாருங்க. மராத்தி வழக்கப்படி மனைவி பேருக்குப் பின்னால் புருஷன் பேர். கதையும் அப்படித்தான், பாதி கோபால்ராவுக்குச் சொந்தம். மனைவி படிச்சே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்ச மனுஷன். படிக்காமல் அடுப்படிக்குப் போனால் அடிக்கிற மனுஷனும் அவரேதான். கதை எழுதுறவனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா பத்து வயசில் கட்டையால் அடித்ததையும், பன்னிரண்டு வயசில் நாற்காலியை வீசியதையும் ஆனந்தி அமெரிக்காவிலிருந்து அவருக்கே கடிதத்தில் எழுதியிருக்கார். அதைப் படிச்ச பிறகு 'விசித்திரமான, ஆனால் நல்ல கணவர்' என்று என்னால் தாண்டிப் போக முடியலை.

அடுத்தது கல்கத்தாவின் காதம்பினி கங்குலி. 1886-இல் கல்கத்தா மெடிக்கல் காலேஜில் தேறியவர். 1891-இல் ஒரு வங்காளப் பத்திரிகை அவரை வேசி என்று மறைமுகமாக எழுதியது. சும்மா விடலையே! கோர்ட்டுக்குப் போய், ஆசிரியரை 6 மாசம் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். இவரை வைத்து 2020-இல் ஒரே வருஷத்தில் ரெண்டு வங்காள டிவி சீரியல்.

இதையெல்லாம் பார்த்ததில் ஒண்ணு புரிஞ்சது. கதைக்காரங்களுக்கு 'முதல்' வேணும். முதல் டாக்டர், முதல் பட்டம், முதல் கப்பல். நானும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் கிருபாபாய் கிடைச்சார்.

கிருபாபாய் 1862-இல் அகமத்நகரில் பிறந்தவர். அப்பா பிராமணர், கிறிஸ்தவரானவர். அப்பாவும் சீக்கிரம் போனார், பாடம் சொல்லிக்கொடுத்த அண்ணன் பாஸ்கரும் போனார். பம்பாயில் மிஷன் பள்ளியில் படிக்கும்போது மருத்துவ ஆசை வந்தது. இங்கிலாந்து போய்ப் படிக்க உதவித்தொகை கூடக் கிடைத்தது. உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் மெட்ராஸ். 1878-இல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். ஆமாம், ஷார்லீப் தேறிய அதே வருஷம்! தங்கியது பாதிரியார் சத்தியநாதன் வீட்டில். முதல் வருஷம் படிப்பில் பரிசுகளாக வாங்கிக் குவித்தார். 

அடுத்த வருஷம் உடம்பு ஒடிந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்டு புனாவில் அக்கா வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான். டாக்டர் ஆகலை.

1881-இல் பாதிரியாரின் மகன் சாமுவேலைக் கல்யாணம் செய்துகொண்டு ஊட்டிக்குப் போனார். அங்கே முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். 'சகுணா' என்ற நாவல் 1887-88-இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகையில் தொடராக வந்தது. பேரை மாற்றிக்கொண்டு தன் கதையையே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஓர் இந்தியப் பெண் எழுதிய முதல் சுயசரிதை நாவல் என்று சொல்வார்கள். 1890களிலேயே தமிழிலும் வந்துவிட்டது. இதற்கிடையில் பெற்ற ஒரே குழந்தையும் ஒரு வயசு ஆகும் முன்னால் இறந்துபோனது. ரெண்டாவது நாவல் 'கமலா'வை நோயோடு போராடிக்கொண்டே எழுதினார். 1894-இல் மெட்ராஸில் காலமானார். வயசு 32.

அதாவது, மருத்துவம் படிக்கப் போன இந்தியப் பெண்ணின் கதையை எழுத நான் இப்போ தவியாய்த் தவிக்கிறேன். அப்படிப் போன பெண்ணே அதை 130 வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிட்டாங்க! எனக்கு அது சரித்திரம், ஆவணம், தேதி. அவருக்கு அது கொஞ்ச வருஷம் முன்னாடி நடந்த சொந்த வலி. இதில் என்னை அசத்தியது என்னன்னா, நான் பிரமாண்டமா எழுத நினைச்ச அந்தக் காலேஜ் நாவலின் கடைசிப் பகுதியில்தான் வருது. அதுக்கு முன்னால முழுக்க அம்மா, அப்பா, அண்ணன், பள்ளிக்கூடம்தான். ஒரு பெண் அந்த வாசலுக்கு வந்து சேர்றதே பெரிய பயணம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை.

இவர் ஒருத்தர் மட்டும் இல்லை. அபலா தாஸ் என்று ஒரு வங்காளப் பெண். கல்கத்தாவில் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1882-இல் மெட்ராஸ் வந்து நம்ம காலேஜில் சேர்ந்தார். அவரும் உடம்பு கெட்டு டாக்டர் ஆகாமலே திரும்பினார். பின்னால் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவி ஆனார், பெண் கல்விக்காகப் பெரிய வேலைகள் செய்தார். ஷார்லீப் கூட 1887-இல் உடம்பு முடியாமல்தான் இங்கிலாந்து திரும்பினார்.

எல்லாருக்கும் உடம்பு, உடம்பு, உடம்பு. 'பெண் உடம்பு இந்தப் படிப்பைத் தாங்காது'ன்னு அன்னைக்குப் பேசினவங்களுக்கு இது நல்ல சாட்சியா இருந்திருக்கும். யோசிச்சுப் பாருங்க. பதினாறு வயசுப் பெண். பாஷை தெரியாத ஊர், ஒத்துக்காத வெயில், வீட்டில் அடுத்தடுத்து சாவு பார்த்த மனசு. எந்த ஆம்பளைப் பையனும் இதில் படுத்துத்தான் இருப்பான். அவன் படுத்திருந்தா அது ஒரு பையனின் கஷ்டம். இவங்க படுத்தா அது பெண் குலத்தின் லட்சணம்!

முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையிலிருந்து வந்து அதே காலேஜில் சேர்ந்தது 1907-இல், தேறியது 1912-இல். கிருபாபாய் சேர்ந்து 29 வருஷம் கழிச்சு. நடுவில் வந்து பாதியில் திரும்பினவங்களும் அந்த வழியை மிதிச்சு மிதிச்சுத் தடம் போட்டவங்கதான்னு எனக்குத் தோணுது.

நடுவுல ஒரு தப்பும் பண்ணப் பார்த்தேன். ரெண்டு பேரும் 1878 என்பதால், காலேஜ் வராந்தாவில் ஷார்லீப்பும் கிருபாபாயும் சந்திச்சு, "நீ ஜெயிப்பாய் பெண்ணே"ன்னு அவர் இவர் தோளில் தட்டுற மாதிரி ஒரு காட்சி. எழுதிட்டேன், நல்லாவும் வந்திருந்தது. மறுநாள் காலையில் படிச்சுட்டு அழிச்சுட்டேன். ஜெயிக்கலையே அவங்க! நான் எதுக்கு நடுவில் புகுந்து பொய்யா ஆசீர்வாதம் பண்ணணும்?

இப்போ கதையில் மெடல் இல்லை. ஒரு பெண் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குறா. எலும்பு பற்றின பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்துட்டு, உள்ளே வைக்கறதா வேணாமான்னு நிக்கறா. அங்கேயே நிக்குது கதை, எனக்கு மேலே போகத் தெரியலை. அவ எடுத்துக்கிட்டுப் போகணும்னு ஆசையா இருக்கு.

எங்க பாட்டி இருந்திருந்தா அவங்ககிட்ட படிச்சுக் காட்டியிருப்பேன். "டாக்டராகலைன்னா என்னடா, அப்புறம் என்ன பண்ணுச்சு அந்தப் பொண்ணு?"ன்னு கேட்டிருப்பாங்க. கதை எழுதிச்சு பாட்டி.

கொசுறு: கிருபாபாய்க்குப் பிறகு சாமுவேல் கல்யாணம் செய்துகொண்ட கமலா சத்தியநாதன்தான், பெண்களுக்காக 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை 1901-இல் மெட்ராஸிலிருந்து ஆரம்பித்தவர். அவரைப் பற்றித் தனியா ஒரு பதிவே போடலாம். கதை முதல்ல முடியட்டும்!