காங்ரா மலைநாட்டுக் கோயில்கள்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் குடியிருப்பில் இருவகைப் பயணிகளைக் காணலாம். ஊர் நோக்கி இரயிலேறுவோர் ஒரு சாரார். இமயச் சாரலை நாடிச் செல்வோர் மற்றொரு சாரார். பின்னவருள் பலர் தரம்சாலையின் குளிர்காற்றையும் பாலம்பூரின் தேயிலைத் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அவ்விடங்களை உள்ளடக்கிய இமாசலப் பிரதேசத்துக் காங்ரா மாவட்டத்திலேயே, தமிழர் தவறாது காண வேண்டிய பழங்கோயில்கள் இரண்டு உள்ளன.

முதலாவது மஸ்ரூர். சிறு குன்றொன்றின் முகட்டில் இருந்த மணற்பாறையையே செதுக்கி வடித்தெடுத்த கோயில் தொகுதி இது. கல்மேல் கல் அடுக்கிக் கட்டியதன்று; சிகரம், வாயில், கருவறை யாவும் தாய்ப்பாறையின் உறுப்புகளே. முன்னே நீள்சதுரக் குளம். அதன் நீரில் சிகரங்களின் நிழல். வடகிழக்கே வெண்பனி பூண்ட தௌலாதார் மலைத்தொடர். கண்கொள்ளாக் காட்சி எனில் அது மிகையன்று. இன்று நடுக்கருவறையில் இராமர், இலக்குவர், சீதை திருவுருவங்கள் வழிபடப்பெறுகின்றன. எனினும் வாயில் நிலையின் மேல் நடுவிடம் பெற்றிருப்பவர் சிவபெருமான். ஆதலின் ஆதியில் இது சிவாலயமாக இருந்தது என்பர் ஆராய்ச்சியாளர்.

இதன் காலம் கி.பி. எட்டாம் நூற்றாண்டு என்பது பெரும்பான்மையோர் கருத்து. அந்த நூற்றாண்டில்தான் எல்லோராவில் கைலாசநாதர் கோயில் மலையைக் குடைந்து எழுந்தது. பாண்டிய நாட்டுக் கழுகுமலையில் வெட்டுவான் கோவில் உருப்பெற்றது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பல்லவர் மாமல்லபுரத்தில் கருங்கல்லை இரதங்களாக்கினர். மாமல்லையிலும் கழுகுமலையிலும் போலவே மஸ்ரூரிலும் பணி முற்றுப்பெறவில்லை. உளியின் ஓசை எங்கே நின்றதோ அங்கே பாறை பாறையாகவே இருக்கின்றது.

இத்துணைப் பெரும்பணியைச் செய்வித்தவர் பெயரைக் கூறும் கல்வெட்டு மஸ்ரூரில் இல்லை. வனவாசத்தின்போது பாண்டவர் செதுக்கினர் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் கதை. 1913ஆம் ஆண்டில் ஹென்றி ஷட்டில்வொர்த் என்னும் ஆங்கில அதிகாரி இதனைக் கண்டு தொல்பொருள் துறையினருக்கு அறிவித்த பின்னரே அறிஞர் உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது.

இரண்டாவது வைஜநாதம், அவ்வூரார் பைஜ்நாத் என்பர். பாலம்பூருக்குக் கிழக்கே பின்வா ஆற்றின் கரையில் அமைந்த சிவாலயம் இது. கீரகிராமம் என்பது இவ்வூரின் பழம்பெயர். இராவணன் இங்குச் சிவபெருமானை வழிபட்டான் என்பது ஐதிகம். அதனால் தசராவில் இராவணன் உருவத்தை எரிக்கும் வழக்கம் இவ்வூரில் இல்லை. மண்டபத்தில் சாரதா எழுத்தில் பொறித்த இரண்டு வடமொழிக் கல்வெட்டுகள் உள்ளன. மன்யுகன், ஆஹுகன் என்னும் வணிகச் சகோதரர் இருவர் 1204ஆம் ஆண்டில் இவ்வாலயத்தை எழுப்பிய செய்தியை அவை கூறுகின்றன. முடிசூடியவர் அல்லர், வாணிகம் செய்து பொருளீட்டியவர். எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அவர்தம் பெயர் நிற்கின்றது.

1905ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் காலை காங்ராவை ஒரு கொடும் நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ இருபதாயிரம் மக்கள் மாண்டனர். காங்ரா நகரின் புகழ்பெற்ற வஜ்ரேசுவரி ஆலயம் தரைமட்டமாயிற்று. பின்னர்ப் புதிதாகக் கட்டப்பெற்றது. பழங்கோட்டையும் சிதைந்தது. ஒரே பாறையாகிய மஸ்ரூர் பிளவுண்டு பெருங்கற்கள் சரிந்தன. கல்லடுக்கிக் கட்டிய வைஜநாதமோ சிறு சேதத்துடன் தப்பியது. கல்லுக்கும் ஆயுள் வரையறை உண்டு என்பதையும், எது நிற்கும் எது விழும் என்பது நம் கணக்கில் அடங்காது என்பதையும் அந்த ஒரு நாள் காட்டிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? மஸ்ரூரின் சிற்பிகள் பேராற்றல் படைத்தவர்கள். ஆயினும் பெயரற்றுப் போயினர். வைஜநாதத்து வணிகர் செய்தியைப் பொறித்து வைத்தனர், நிலைத்தனர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இது பெரும் பாடமாகும். நம் முன்னோர் இங்கு வந்த வரலாற்றை நாம் எழுதி வைக்காவிடில், நம் பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாண்டவர் கதையாகவே முடியும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மஸ்ரூருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊருக்குச் செல்லும் ஆண்டில் கழுகுமலையையும் காட்டுங்கள். இரண்டையும் கண்ட பிள்ளைக்கு வடக்கும் தெற்கும் அயலாகத் தோன்றா. அங்குள்ள சுவர்களில் தம் பெயரைக் கீறிவைப்போரும் உளர். அவ்வாறு செய்யாதிருக்கக் கற்பியுங்கள். பெயர் பொறிக்க விரும்பினால், வைஜநாதத்துச் சகோதரரைப் போல முதலில் ஓர் ஆலயம் எழுப்பட்டும்!