வங்கக் கடலோரமும் புயலின் நினைவும்

ஐப்பசித் திங்கள் பிறந்ததும், வங்கக் கடலோரத்தில் வாழ்வோரின் கண் வானத்தையும் செவி வானொலியையும் நாடுவது நெடுநாளைய வழக்கம். பிழைப்பை முன்னிட்டுத் தமிழகத்தை விட்டு விசாகப்பட்டினத்திலும், புவனேசுவரத்திலும், கொல்கத்தாவிலும் குடியேறிய நமக்கும் அவ்வழக்கம் உரியதே. நாம் ஊரை மாற்றிக்கொண்டோமேயன்றிக் கடலை மாற்றிக்கொண்டோமில்லை. நாகையின் கரையில் மோதும் அதே கடல்தான் பாரதீப்பின் கரையிலும் மோதுகிறது. ஆகையால், அக்கரைகளில் வீசிய பெரும் புயல்களின் வரலாறு அயலார் வரலாறு அன்று. நம் வாயிற்படியின் வரலாறேயாகும்.

புயல் என்றவுடன் நாம் காற்றையே நினைக்கிறோம். கூரை பறப்பதும் மரம் வீழ்வதும் கண்முன் நிகழ்வன. ஆனால் வங்கக் கடலோரத்தில் மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றது காற்று அன்று, நீரே. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவாதலால் அங்கே கடல்மட்டம் சற்று உயர்கிறது. சுழன்றடிக்கும் காற்றோ பெருநீரைக் கரை நோக்கித் தள்ளிக் குவிக்கிறது. வங்கக் கடல் வடக்கே செல்லச் செல்ல இரு கரையும் நெருங்கிக் குறுகுவது, ஆழமும் குறைவது. கரைநிலமோ கங்கையும், மகாநதியும், கோதாவரியும், கிருஷ்ணையும் கொணர்ந்த வண்டலாலான தாழ்நிலம். எனவே, பொங்கியெழுந்த நீர் தடையின்றிப் பல கல் தொலைவு உட்புகுகிறது. அவ்வேளையில் கடலின் ஏற்றமும் கூடிவிட்டால் அழிவு பன்மடங்காகும்.

அத்தகைய அழிவை இக்கடலோரம் 1864ஆம் ஆண்டில் ஒரு திங்களுக்குள் இருமுறை கண்டது. அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலின்போது, ஹூக்ளி ஆற்றின் வழியே கடல்நீர் மேலேறி வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. ஆற்றுமுகத்தை அடுத்த சிற்றூர்கள் நீரில் மூழ்கின. மாண்டவர்கள் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் என்பர். அத்துயரம் ஆறுமுன்னரே, நவம்பர் முதல் நாளில் மசூலிப்பட்டினத்தில் கடல் புகுந்து ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைக் கொன்றது.

இவ்வழிவு எவரும் எதிர்பாராததோ எனில், அன்று. கடலோடியாய் இருந்து பின்னர்க் கல்கத்தாவில் நிலைத்த ஹென்றி பிட்டிங்டன் என்ற ஆங்கிலேயர், கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, புயல்கள் எவ்வாறு சுழல்கின்றன, எவ்வழிச் செல்கின்றன என்று பல்லாண்டு ஆராய்ந்தவர். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்ளோன்’ என்ற பெயரைப் படைத்து, 1848இல் தாம் வெளியிட்ட மாலுமிகளுக்கான நூலில் வழங்கியவரும் அவரே. இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல், நம்மிற் பலர் வாழும் கொல்கத்தாவில் பிறந்த சொல் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணியபோது, பிட்டிங்டன் 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அவ்விடத்தில் என்றேனும் ஒருநாள் புயலோடு கடல் பொங்கி வந்து அனைத்தையும் வாரிச் செல்லும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. அது செவியேறவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1858இல் பிட்டிங்டன் மறைந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

எனினும், பட்டறிவு முற்றிலும் வீண்போகவில்லை. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை செய்யும் ஏற்பாடு தொடங்கிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றிற்று. புயல் வருமுன் அறியும் ஆற்றல் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. ஆயினும், அறிவது வேறு, காப்பது வேறு. கல்கத்தாப் புயலுக்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயில் வண்டியை அலைகள் விழுங்கின. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் அழிந்தது, மீண்டும் நகராக எழவே இல்லை.

1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவின் பாரதீப்பை அடுத்துக் கரையேறிய பெரும்புயல் இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அப்புயல் வருவது முன்னரே தெரிந்திருந்தது, வானொலியும் அறிவித்தது. ஆனால் மண்சுவர்க் குடிசையில் வாழ்ந்தவர் எங்கே செல்வது? காப்பிடங்கள் மிகச் சிலவே இருந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தார் கட்டியிருந்த காப்பிடங்களில் ஏறியோர் பிழைத்தனர். எர்சமா வட்டாரத்தில் ஊர்கள் பல வெறுமையாயின. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர்.

அத்துயரை ஒடிசா மறக்கவில்லை. பேரிடரை எதிர்கொள்ளத் தனி அமைப்பு ஒன்றை அவ்வாண்டிலேயே நிறுவிற்று. கடலோரமெங்கும் தூண்கள்மீது நிற்கும் காப்பிடங்கள் எழுந்தன. ஊர்தோறும் இளைஞர் பயிற்சி பெற்றனர். அக்டோபர் 29ஆம் நாள் வெறும் துக்க நாளாக அல்லாமல், ஆயத்த நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூரைத் தாக்கியபோது, சுமார் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் தொகை நூற்றை எட்டவில்லை. 2019 மே மாதத்தில் பூரியருகே ஃபானி புயல் கரையேறியபோதும் அவ்வாறே. வீடுகளும் தென்னைகளும் வீழ்ந்தன. மனிதர் பெரும்பாலும் தப்பினர். காற்று இரக்கம் கொண்டதனால் அன்று. மக்கள் நினைவு கொண்டதனால்.

இவ்விடத்தில் நம் கடமை ஒன்று உண்டு. எச்சரிக்கை அந்தந்த மாநில மொழியிலேயே முதலில் ஒலிக்கிறது. வங்காளியர் ‘கூர்ணிஜோர்’ என்பதையும், ஒடியர் ‘பாத்யா’ என்பதையும், தெலுங்கர் ‘துபானு’ என்பதையும் நேற்று வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளி எவ்வாறு அறிவார்? அண்டை வீட்டார் மூட்டை கட்டிப் புறப்படுவதைக் கண்டும், காரணம் அறியாது கதவடைத்து உறங்கிவிடவும் கூடும். எனவே, முன்னரே வந்து வேரூன்றிய நாம், புதியவர்க்கு அச்சொற்களைக் கற்பிக்க வேண்டும். அருகில் காப்பிடம் எது, அதற்கு வழி எது என்று காட்ட வேண்டும். வெளியேறுக என்ற சொல் வந்தால், உடைமையை எண்ணித் தயங்காது அவரையும் உடனழைத்துப் புறப்பட வேண்டும்.

புயலைத் தடுக்கும் வலிமை நமக்கு இல்லை. அன்று பிட்டிங்டன் எழுதிய கடிதம் கேட்பாரற்றுக் கிடந்தது. இன்று ஒலிக்கும் எச்சரிக்கை நம் தெருவில் ஒருவர் செவிக்கும் எட்டாமற் போகாதிருக்க, நம்மால் ஆவதைச் செய்வோம்.