இராப்பலகையும் கைப்பேசித் தாங்கியும்

கொச்சியின் ஒரு பகுதியாகிய மட்டாஞ்சேரிக்குச் சென்றவர் அங்குள்ள கடைத்தெருவை எளிதில் மறவார். ஒருபுறம் காயல், அதற்கு முதுகு காட்டி வரிசையாய் நிற்கும் பழைய பண்டகசாலைகள், அவற்றினின்று வீசும் சுக்கு, மிளகு மணம். தெருவோ, இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அளவினது. அத்தெருவில் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் நாம் வழி தவறினோம்.

எர்ணாகுளத்தில் அமர்த்திய வாடகைக் கார் அது. ஓட்டுநர் வேறு மாவட்டத்துக்காரர். மட்டாஞ்சேரி அவருக்கும் புதிது. தம் கைப்பேசியை, குளிர்காற்று வரும் துவாரத்தில் மாட்டிய சிறு கவ்வி ஒன்றில் பொருத்தியிருந்தார். அதில் வரைபடம் ஓடியது. குரலும் வழி சொல்லிற்று. யூதத் தெருவை நெருங்கும் வேளையில் பள்ளம் ஒன்றில் கார் குலுங்கவே, கவ்வி கழன்று கைப்பேசி அவர் காலடியில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தும் அது "வலப்புறம் திரும்புக" என்று ஓயாது கூறிற்று. அவர் குனிந்தார். அதற்குள் கார், மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்றின் ஓரத்தை உரசிவிட்டது. யாருக்கும் காயமில்லை, வண்டிக்காரரின் வசவு மட்டும் நீண்ட நேரம் தொடர்ந்தது.

சற்று முன்வரை வழிகாட்டியாக இருந்த பொருள், தாங்கி கழன்ற கணத்தில் இடையூறாக மாறிவிட்டது. அதன் அறிவு குறையவில்லை. இருந்த இடம்தான் மாறிற்று. அப்படியாயின் வழிகாட்டும் கருவி எது? கைப்பேசியா, அதைத் தாங்கிய கவ்வியா? இவ்வினாவைத் தொடர்ந்து பழைய ஏடுகளைப் புரட்டியபோது, மட்டாஞ்சேரிக் காயலுக்கு வந்து சென்ற கலங்களின் கதையே விடையாகக் கிடைத்தது.

அரபுக் கடலிலும் வங்கக் கடலிலும் கலம் செலுத்தியவர்கள் கமால் என்னும் கருவி ஒன்றைக் கையாண்டனர். நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் அதனை இராப்பலகை என்று வழங்கினர். இரவில் பயன்படும் பலகை என்பது பொருள். செய்வதற்கு அதைவிட எளிய கருவி இல்லை. உள்ளங்கை அளவான ஒரு செவ்வகப் பலகை. அதன் நடுவே துளையிட்டுக் கோத்த கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். மாலுமி ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைப்பாக நிற்கும்வரை பலகையை முன்னே நீட்டுவான். பலகையின் கீழ்விளிம்பு கடலும் வானும் கூடும் கோட்டில் படிய வேண்டும். மேல்விளிம்பில் துருவ விண்மீன் அமர வேண்டும். அமர்ந்தால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கலம் நிற்கிறது என்று அறிவான். மீன் உயர்ந்து தெரிந்தால் தெற்கே செல்ல வேண்டும். தாழ்ந்து தெரிந்தால் வடக்கே. உரிய உயரம் வந்தபின் கிழக்கோ மேற்கோ நேரே ஓடினால் துறை கிட்டும். விண்மீனின் உயரத்தை அவர்கள் விரற்கணக்கில் அளந்தனர். ஒரு விரல் என்பது ஏறத்தாழ 1 பாகை 36 கலை.

இங்கே பலகையைவிடக் கயிற்றுக்கே நாம் மதிப்பளிக்க வேண்டும். பலகை மரத்துண்டு மட்டுமே. கண்ணுக்கும் அதற்கும் உள்ள தொலைவை மாறாது நிறுத்துவது கயிறும் பல்லும். தொலைவு ஒரு விரற்கடை மாறினால் கோணம் மாறும். கலம் வேறு ஊர்க்கரையில் ஒதுங்கும். உலகின் மிகப் பழைய கருவித்தாங்கிகளுள் ஒன்று மாலுமியின் பல்வரிசை என்று சொன்னால் நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் அதுவே உண்மை.

இக்கருவியைப் பற்றி எழுதியோரும் உளர். சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய விஞ்ஞான இதழில், 1850ஆம் ஆண்டு, காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, சோழமண்டலக் கரை மாலுமிகள் கலம் செலுத்தவும் செப்பனிடவும் கையாண்ட உபாயங்களைக் கட்டுரையாக்கினார். பட்டம் பெறாத மாலுமிகளின் அறிவை மதித்து அச்சிலேற்றிய அம்மனிதருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அதற்கு மூன்றரை நூற்றாண்டு முன்பே அக்கருவி ஐரோப்பியரின் கண்ணில் பட்டது. வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24 அன்று ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியை விட்டு, மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்டான். அவனுக்கு வழிகாட்டியவன் மாலிந்தியில் அமர்த்தப்பெற்ற மாலுமி. அவனிடம் ஐரோப்பிய வானளவைக் கருவியைக் காட்டியபோது அவன் வியப்படையவில்லை என்றும், தான் கையாளும் மூன்று பலகைகளாலான கருவி ஒன்றை எடுத்துக் காட்டினான் என்றும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் ஜோவான் த பாரோஸ் எழுதியுள்ளார். இரண்டே ஆண்டில் அந்தப் பலகைகள் அட்லாண்டிக் கடலைக் கண்டன. கப்ராலின் கப்பற்படையில் சென்ற ஜோவான் என்னும் மருத்துவர், 1500 மே 1 அன்று பிரேசில் கரையிலிருந்து தம் அரசனுக்கு எழுதிய கடிதத்தில் "இந்தியப் பலகைகள்" பற்றிக் குறிப்பிடுகிறார். அதே கப்பற்படை அவ்வாண்டு டிசம்பரில் கொச்சிக்கு வந்து மிளகு ஏற்றிற்று. நம் கரை மாலுமிகளும் கையாண்ட கருவி உலகின் மறுபுறம் சென்று, கொச்சி வாயிலிலேயே திரும்ப வந்து நின்ற இச்செய்தியைப் பாடநூல்களில் நாம் படித்ததில்லை.

பிற்காலத்துத் திசைகாட்டியின் கதையும் தாங்கியின் கதையே. காந்த ஊசியைப் பலகைமேல் வைத்தால் அலையில் ஆடும். ஆகவே ஒன்றனுள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் அதனைத் தொங்கவிட்டனர். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் பெட்டி சமநிலையில் நின்றது. இரும்புக் கப்பல்கள் வந்தபோது வேறு தொல்லை பிறந்தது: கப்பலின் இரும்பே ஊசியை இழுத்தது. 1838இல் ஆங்கில வானநூலார் ஏரி, ரெயின்போ என்னும் இரும்புக் கப்பலில் சோதனை நடத்தி, ஊசியைச் சுற்றிக் காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் தக்க இடத்தில் வைத்து அப்பிழையைத் திருத்தும் வழி கண்டார். இன்று காரில் காந்தத்தால் ஒட்டும் தாங்கியை வாங்குவோர் இதனை நினைவிற் கொள்வது நலம். கைப்பேசிக்குள் ஒரு நுண்ணிய திசைகாட்டி உண்டு. தாங்கியின் காந்தம் அதனைக் குழப்பும். வண்டி நிற்கையில் வரைபடத்தின் அம்பு எங்கோ திரும்பி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரையில் ஓடும் மோட்டாருக்கு வழிகாட்டி செய்யும் முயற்சி மோட்டாரின் இளமைக்காலத்திலேயே தொடங்கிற்று. 1909இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவர், சக்கரத்தோடு இணைத்த கம்பிவடத்தால் சுழலும் வட்டத் தகடு ஒன்றைச் செய்தார். வண்டி ஓட ஓட, தகட்டில் அச்சிட்ட வழிக்குறிப்பு நகர்ந்து வரும். 1981இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், சுழல்மானியின் துணையால் ஒளித்திரையில் வண்டியின் இடத்தைக் காட்டியது. வரைபடமோ ஒளி ஊடுருவும் தாளாகத் திரைமேல் செருகப்பட்டது. 1985இல் கலிபோர்னியாவில் வெளிவந்த எடாக் கருவி வரைபடத்தை ஒலிநாடாப் பேழையில் அடைத்தது. அப்பெயர் பசிபிக் தீவு மாலுமிகளின் வழிகாண் முறையைக் குறிக்கும் சொல். இவையாவும் வண்டியோடு பிணைந்தவை, விலையுயர்ந்தவை.

வானத்து விண்மீனுக்குப் பதிலாக மனிதன் செய்த விண்கோள்கள் வந்ததும் நிலைமை மாறிற்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்க விண்கோள்கள், தம் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. நான்கு கோள்களின் நேரம் கிடைத்தால் தன் இடத்தைக் கருவி கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்கென வேண்டுமென்றே புகுத்திய பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கியது. அதன்பின்னரே தெருவைத் தெருவென்று காட்டும் துல்லியம் எளியவர் கைக்கு வந்தது. நம் நாடும் 2013 ஜூலை முதல் 2016 ஏப்ரல் வரை ஏழு கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவி, நாவிக் என்னும் அமைப்பை நிறுவிற்று. வடமொழியில் அதற்கு மாலுமி என்பது பொருள். அக்கோள்களை ஏந்திச் சென்ற ஏவுகலத்தின் இரண்டாம் கட்டப் பொறி, திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரி அடிவாரத்தில் சோதிக்கப்படுவது. வெளிநாட்டில் வாங்கிய அணுக்கடிகாரங்கள் சில பின்னர்ப் பழுதுபட்டன. உள்நாட்டில் செய்த அணுக்கடிகாரத்தோடு 2023 மே 29 அன்று புதிய கோள் ஒன்று சென்றது.

இத்தனை வல்லமையும் சட்டைப்பைக் கைப்பேசியில் வந்து சேர்ந்தபின், அதைக் காருக்குரிய வழிகாட்டியாக்கக் குறைவாயிருந்தது ஒரு தாங்கி மட்டுமே. சில நூறு ரூபாய் பெறும் பொருள். கண்ணாடியில் ஒட்டும் இரப்பர்க் கிண்ணம் கொச்சியின் வெயிலிலும் புழுதியிலும் பிடி தளரும். ஒட்டுமிடத்தையும் கிண்ணத்தையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி ஒட்ட வேண்டும். காற்றுத் துவாரக் கவ்வி கனமான கைப்பேசியைத் தாங்காது என்பதை நாம் நேரிற் கண்டோம். சாலையைப் பார்க்கும் கண் சிறிதே தாழ்ந்தால் படம் தெரிய வேண்டும். ஆனால் படம் சாலையை மறைத்தலாகாது. விபத்தில் விரியும் காற்றுப்பையின் வழியிலும் அது இருத்தல் ஆகாது. செல்லுமிடத்தை வண்டி புறப்படுமுன்னரே பதிந்துவிட வேண்டும்.

சட்டமும் இதனையே வேறு நடையில் கூறும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியை வழியறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வாசகம் ஒரு வேடிக்கை. கையில் பிடிக்கும் கருவி என்று அதற்குப் பெயர். அதைக் கையில் பிடியாதிருப்பதே விதியின் நோக்கம். தமிழில் எச்சொல்லை இட்டாலும் அம்முரண் தீரவில்லை.

கருவி சரியான இடத்தில் அமர்ந்தபோதும் மட்டாஞ்சேரி அதனை எளிதில் விடுவதில்லை. பிழை ஐந்து மீட்டரே ஆயினும், ஐந்து மீட்டர் தள்ளி வேறொரு சந்து இருக்கும் ஊர் அது. கோட்டைக் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே காரையும் ஏற்றிச் செல்லும் படகு உண்டு. நிலத்துச் சாலை போலவே கருவி அந்நீர்வழியையும் கோடிட்டுக் காட்டும். பகலில் படகும் துறையும் கண்முன் நிற்கும். இரவு மழையில்?

2023 அக்டோபர் முதல் நாள் பின்னிரவில், கொச்சிக்கு வடக்கே கோதுருத்து என்னுமிடத்தில், கடும் மழையினிடையே கார் ஒன்று ஆற்றில் இறங்கிற்று. இளம் மருத்துவர் இருவர் உயிரிழந்தனர். வரைபடத்தைப் பின்பற்றி வந்தனர் என்று செய்திகள் கூறின; வரைபடம் தவறியதா, மழையில் திருப்பம் தவறியதா என்ற வாதமும் எழுந்தது. இராப்பலகை பிடித்தவன் விண்மீனையும் தொடுவானையும் பார்த்தே ஆகவேண்டும். பாராமல் அவன் கருவி வேலை செய்யாது. நம் கருவியோ, நாம் வெளியே பாராவிடினும் பேசிக்கொண்டே இருக்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் இன்னொரு கூறும் உண்டு. மொழி தெரியாத ஊரில் வழி கேட்க நாணியே பலர் கைப்பேசியை நம்புகிறோம். ஆனால் கொச்சியில் கேட்பவர்க்குச் சுவையான ஒன்று காத்திருக்கிறது. மேற்குத்தொடர் மலை உயர்ந்து நிற்கும் திசை தமிழகத்துக்கு மேற்கு, அதாவது மேல். நிலம் கடலை நோக்கித் தாழும் திசை கிழக்கு, அதாவது கீழ். மலையைத் தாண்டினால் நிலச்சரிவு தலைகீழாகிறது. எனினும் மலையாளிகள், மலை ஓங்கிய திசையையும் கிழக்கு என்றே சொல்கின்றனர்; கதிர் படும் திசையைப் பெருவழக்காகப் படிஞ்ஞாறு என்கின்றனர். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதனைச் சுட்டி, அம்மக்கள் கிழக்கிருந்து வந்தோர் என்பதற்குச் சான்றாக்கினார். குடிபெயர்ந்தவர் பழைய ஊரின் மேட்டையும் பள்ளத்தையும் தம் சொல்லிலேயே சுமந்து செல்கின்றனர் என்பது அவர் துணிபு.

கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் கொணரப்பட்டதாகத் தம் மரபைக் கூறும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. கைவண்டிக்காரரிடம் வசவு வாங்கிய அன்று, எமக்கு வழி சொன்னவர் அவர்களுள் ஒரு முதியவரே. "படிஞ்ஞாறு போய்த் தெக்கே திரும்பு, தம்பி" என்றார். இரு மொழியும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஓட்டுநர் கைப்பேசியை மீண்டும் கவ்வியில் செருகினார். ஆனால் முதியவர் கை காட்டிய பக்கமே வண்டியைத் திருப்பினார்.

கடற்கரைக்கு வந்தபோது இருள் கவியவில்லை. பெரியாற்றில் 1341ஆம் ஆண்டு எழுந்த வெள்ளத்தால் கொச்சி வாயில் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். அவ்வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை ராபர்ட் பிரிஸ்டோ வெட்டி ஆழப்படுத்திய பின், 1928 மே 26 அன்று பத்மா என்னும் கப்பல் உட்துறைக்குள் நுழைந்தது. அக்கால்வாய்க்கு வெளியே அன்றும் ஒரு பெருங்கப்பல் காத்து நின்றது. அதன் மேல்தளத்தில் விண்கோள் கருவி, ராடார், மின்வரைபடம் யாவும் உண்டு. எனினும் கொச்சித் துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி ஒருவர் சிறு படகில் சென்று, கயிற்றேணி பிடித்து ஏறும்வரை அக்கப்பல் உள்ளே வரலாகாது என்பது விதி. படகு கப்பலின் பக்கவாட்டில் ஒட்டியது. ஒருவர் ஏணியில் ஏறுவது தெரிந்தது. சிறிது நேரத்தில் கப்பல் மெல்ல அசைந்தது.