மணிக்கு 160 கிலோமீட்டரில் ஒரு பதில்

1984 ஜூலை 17. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஓல்ட் டால்பி என்ற சிற்றூருக்கு அருகே பிரிட்டிஷ் ரயில்வேயின் சோதனைத் தடம் ஒன்று இருந்தது. புதிய ரயில்களை ஓட்டிப் பார்க்கும் இடம் அது. அன்றைக்கு அங்கே பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சிக் கேமராக்களும் அழைப்பிதழ் பெற்ற விருந்தினர்களும் கூடியிருந்தார்கள். தண்டவாளத்தில் ஒரு சரக்கு வேகன் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. அதோடு 48 டன் எடையுள்ள எஃகுப் பெட்டகம் ஒன்றும் கிடந்தது. அணுமின் நிலையங்களிலிருந்து எரிந்து முடிந்த யுரேனியக் கோல்களை ஏற்றிச் செல்லும் அதே ரகப் பெட்டகம். உள்ளே யுரேனியத்துக்குப் பதிலாக எஃகுக் கம்பிகளும் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

46009 என்ற எண் கொண்ட டீசல் இன்ஜின் மூன்று காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. ஓட்டுநர் கிடையாது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். பெட்டகத்தின் மூடி உடம்போடு சேரும் இடம்தான் பலவீனமானது என்பதால், அடி அங்கேயே விழும்படி பார்த்து வைத்திருந்தார்கள். மோதிய வேகத்தில் இன்ஜின் உருக்குலைந்தது, தீப்பிழம்பு எழுந்தது, பெட்டிகள் தடம் புரண்டன. புழுதி அடங்கியதும் பொறியாளர்கள் போய்ப் பார்த்தபோது பெட்டகத்தில் சிராய்ப்புகளும் கீறல்களும்தான் இருந்தன. உள்ளே ஏற்றியிருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. அதில் ஒரு பவுண்டுகூடக் குறைந்திருக்கவில்லை.

‘ஆபரேஷன் ஸ்மாஷ் ஹிட்’ என்று இதற்குப் பெயர். நடத்தியது பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியம். செலவு சுமார் 16 லட்சம் பவுண்டு. வாரியத்தின் அன்றைய தலைவர் சர் வால்டர் மார்ஷல் இயற்பியலாளர், அணு மின்சாரத்தின் தீவிர ஆதரவாளர். அறிக்கைகளைப் படித்துத் தெளியாத மக்கள் கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்று வாரியம் கணக்குப் போட்டது. கணக்கு பாதிதான் பலித்தது.

இப்படி ஒரு ரயிலையே பலி கொடுக்கும் நிலைமை ஏன் வந்தது? பிரிட்டனின் முதல் தலைமுறை அணு உலைகள் மேக்னாக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் எரிபொருள் கோல்களுக்கு மக்னீசியக் கலவையால் ஆன உறை. தண்ணீரில் நெடுநாள் கிடந்தால் அது அரித்துப்போகும். அதனால் உலையிலிருந்து எடுத்த கோல்களைச் சில மாதங்கள் குளத்தில் ஆறவிட்டு, வடமேற்குக் கரையிலுள்ள செல்லாஃபீல்டு மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பியே ஆக வேண்டியிருந்தது. சைஸ்வெல், பிராட்வெல், டஞ்சனெஸ் நிலையங்களோ கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்தன. ஆலை நாட்டின் மறுகோடியில். நடுவே லண்டன்.

ஆக, கதிரியக்கச் சரக்கோடு ரயில்கள் லண்டன் மாநகரின் குடியிருப்புகளை ஒட்டிய தடங்களில் போய்க்கொண்டிருந்தன. வேலைக்குப் போகிறவர்கள் நிற்கும் அதே நடைமேடைகளைக் கடந்துதான் அவை போயின. பல ஆண்டுகள் இது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. பட்டபோது கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருநகர லண்டன் மன்றம் எதிர்ப்புக் கொடி பிடித்தது. அதே சமயத்தில் சைஸ்வெல்லில் இரண்டாவதாக ஒரு நிலையம் கட்டலாமா என்ற பொது விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. சர் ஃபிராங்க் லேஃபீல்டு தலைமையில், ஸ்னேப் என்ற ஊரின் இசையரங்கில், 1983 ஜனவரியில் தொடங்கி 1985 மார்ச் வரை 340 நாள் அமர்வுகள். ஓல்ட் டால்பி மோதல் அந்த விசாரணையின் நடுவில்தான் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த 340 என்ற எண் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். நமக்குத் தெரிந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு பகல் பொழுது நடப்பது. மேடையில் மாவட்ட ஆட்சியர், கீழே பந்தோபஸ்து, மைக்குக்கு வரிசை. கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கு பற்றி ராதாபுரத்தில் 2019 ஜூலை 10 அன்று நடப்பதாக இருந்த கூட்டம், எதிர்ப்புக் கிளம்பியதால் தள்ளிவைக்கப்பட்டது. கிடங்கு நிலைய வளாகத்துக்குள்ளேயே வரவிருந்தது, சாலைப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் மக்களிடம் ஓடிய கேள்வி போக்குவரத்தைப் பற்றியதுதான்: மற்ற அணுமின் நிலையங்களின் கழிவையும் இங்கே கொண்டுவந்து கொட்டுவார்களா? கூடங்குளத்தின் எரிபொருள் மட்டும்தான் என்று அணுமின் கழகம் விளக்கம் சொன்னது.

ஓல்ட் டால்பிக்குத் திரும்புவோம். அந்த மோதலுக்குப் பின்னால் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை 1961 முதல் கதிரியக்கப் பொருள் போக்குவரத்துக்கான விதிகளை வெளியிட்டு வருகிறது. இந்த வகைப் பெட்டகத்தை 9 மீட்டர் உயரத்திலிருந்து கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத தளத்தின் மேல் போட வேண்டும். 1 மீட்டரிலிருந்து ஓர் எஃகு முளையின் மேல் போட வேண்டும். 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீரிலும் மூழ்கடிக்க வேண்டும். இதையெல்லாம் தாங்கினால்தான் உரிமம்.

இந்த 9 மீட்டர்தான் உலகெங்கும் கூட்டங்களில் சண்டையைக் கிளப்பிய எண். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். லாரி அதைவிட வேகமாகப் போகிறதே, ரயில் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறதே என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கேட்கும். பொறியாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு. நிஜ விபத்தில் மண் அமுங்கும், எதிரே வரும் வண்டி நசுங்கும், அடியின் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். சோதனைத் தளமோ அசையாது, அடி முழுவதும் பெட்டகத்துக்கே. மண்தரையில் விழும் தேங்காய்க்கும் கோயில் வாசல் கல்லில் போட்டு உடைக்கும் தேங்காய்க்கும் உள்ள வேறுபாடுதான் இது. 1984-இன் தொடக்கத்தில் செடர் என்ற ஊரிலிருந்த வாரியத்தின் சோதனைக்கூடத்தில் முழு அளவுப் பெட்டகம் ஒன்றை 9 மீட்டரிலிருந்து போட்டுப் பார்த்திருந்தார்கள். ரயில் இடித்ததைவிட அந்த விழுதலே பெட்டகத்தை அதிகம் பதம் பார்த்தது. மௌனமான ஒரு கூடத்தில் நடந்த அந்தச் சோதனைதான் அறிவியல்படி கனமானது. ஆனால் ஊர் நினைவில் நின்றது ரயில் மோதல்தான்.

மார்ஷலின் ஆட்கள் நேர்மையாகவே செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூடியின் விளிம்பைக் குறிவைத்தது அதற்குச் சாட்சி. ஆனால் அவர்கள் தாங்களே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தாங்களே பதில் சொன்னார்கள். பெட்டகம் உடையுமா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. மூடியின் போல்ட்டுகளைச் சரியாக முடுக்கினார்களா என்று யார் பார்ப்பது, எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் ரயில் வரும், விபத்து நடந்தால் முதலில் போய் நிற்கப்போகும் தீயணைப்பு வீரருக்கு யார் பயிற்சி தந்தார்கள், மோதலோடு பெருந்தீயும் சேர்ந்தால் என்ன ஆகும்? தடத்தின் ஓரம் குடியிருப்பவருக்கு வரக்கூடிய இந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு பெரிய மோதலும் பதிலாகாது.

அமெரிக்காவில் இதே கூத்து சில ஆண்டுகள் முன்பே அரங்கேறியிருந்தது. 1977-78இல் நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகம் பெட்டகம் ஏற்றிய லாரிகளைக் கான்கிரீட் சுவரில் மோதவிட்டது, ரயில்வே கேட்டில் நிற்பது போல நிறுத்திய லாரியின் மேல் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜினை ஏற்றியது, ரயில் பெட்டகம் ஒன்றை விமான எரிபொருளில் வேகவும் வைத்தது. கணினிக் கணக்குகள் நிஜத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதனால் ஓய்வு பெற்ற பழைய பெட்டகங்களைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தப் படச்சுருள்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகப் பாதுகாப்புக்கான அத்தாட்சியாகத் திரையிடப்பட்டன.

நெவாடா மாநிலம் அதை ஏற்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாட்டின் அணுக்கழிவுக் கிடங்குக்கு நெவாடாவின் யூக்கா மலையை மட்டுமே ஆராய்ந்தால் போதும் என்று முடித்துவிட்டது. அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லாத மாநிலம் அது. நாடெங்குமிருந்து கழிவு தங்களை நோக்கி வரப்போகிறது என்றதும் நெவாடாக்காரர்கள் பெட்டகங்களைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்கத் தொடங்கினார்கள். பழைய பெட்டகத்தைக் காட்டுகிறீர்களே, இப்போது விற்கும் பெட்டகத்தை முழு அளவில் எப்போது சோதித்தீர்கள்?

அந்தக் கேள்வி வீணாகவில்லை. 1999இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு புது வழியில் இறங்கியது. எந்தச் சோதனையைச் செய்யலாம் என்று மக்களையே கேட்டது. 2003இல் ஒரு வரைவுத் திட்டத்தோடு லாஸ் வேகஸுக்கும், யூக்கா மலை இருக்கும் நை மாவட்டத்தின் பஹ்ரம்ப் என்ற சிற்றூருக்கும் வந்தது. 100 டன்னுக்கு மேற்பட்ட ரயில் பெட்டகத்தை மணிக்கு 145 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் அசையாத தளத்தில் விழச்செய்யலாம் என்றது வரைவு. அந்த வேகம் வர வேண்டுமானால் 80 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து போட வேண்டும். உடையும் வரை சோதியுங்கள், அப்போதுதான் எல்லை தெரியும் என்றார்கள் சிலர். உண்மை ரயிலை மோதவிடுங்கள் என்றார்கள் வேறு சிலர். விதிக்கு மேல் சோதிப்பது வீண் செலவு என்றது தொழில்துறை. கடைசியில் 2005இல், தண்டவாளக் கடப்பில் நிற்கும் பெட்டகத்தின் மேல் இன்ஜின் மோதி, அதன்பின் தீயும் பிடிப்பது போன்ற சோதனைக்கு ஆணையம் ஒப்புதல் தந்தது. அது நடக்கவே இல்லை.

இதற்கிடையே யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு சோதனை நடந்தது. 2001 ஜூலை 18 பிற்பகல், பால்டிமோர் நகரின் ஹோவர்டு தெருவுக்கு அடியில் 1890களில் கட்டிய சுரங்கப்பாதையில் 60 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் தடம் புரண்டது. எளிதில் தீப்பற்றும் ரசாயனம் ஏற்றிய டேங்கர் ஒன்றில் ஓட்டை விழுந்து தீ மூண்டது. மேலே தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தது, பேஸ்பால் ஆட்டம் தள்ளிப்போனது, தீயை முழுவதும் அணைக்க நாட்கள் பிடித்தன. ரயிலில் அணுக்கழிவு எதுவும் இல்லை. ஆனால் விதிப்புத்தகம் சொல்வதோ 30 நிமிடத் தீ. அந்த இடத்தில் ஒரு பெட்டகம் இருந்திருந்தால் நகரமே மாசுபட்டிருக்கும் என்றது நெவாடாவுக்காகச் செய்த ஆய்வு. பொருட்படுத்தும் அளவுக்கு எதுவும் கசிந்திருக்காது என்றது ஆணையத்தின் ஆய்வு.

இரண்டில் எது சரி என்று வாதாடிக்கொண்டே இருந்திருக்கலாம். ரயில் நிறுவனங்களின் சங்கம் வேறு வேலை பார்த்தது. இரு தடங்கள் உள்ள சுரங்கப்பாதையில் அணுக்கழிவு ரயிலும் எரிபொருள் ஏற்றிய ரயிலும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது, ஒன்று வெளியே காத்திருக்க வேண்டும் என்று இயக்க விதியைத் திருத்தியது. மோதல் வேண்டாம், படச்சுருள் வேண்டாம், கால அட்டவணையைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடுக்கு அருகே உப்புப் படிவத்தில், 650 மீட்டர் ஆழத்தில் அமைந்த கிடங்கின் கதையும் இந்த ரகம்தான். அங்கே போவது அணு ஆயுதத் தயாரிப்பில் மாசுபட்ட கருவிகள், கையுறைகள் போன்றவை, எரிந்த எரிபொருள் கிடையாது. ஆனால் லாரிகள் பல மாநிலங்களைத் தாண்ட வேண்டும். மேற்கு மாநில ஆளுநர்களின் சங்கம் எரிசக்தித் துறையோடு உட்கார்ந்து விதிகளை ஒவ்வொன்றாகப் பேசி முடித்தது. வண்டி கிளம்பும் முன் மாநிலங்களுக்குத் தகவல் வர வேண்டும். பனிப்புயல் அறிவிப்பு இருந்தால் கிளம்பக் கூடாது. வழியில் ஒதுங்க இடங்கள் முன்பே குறிக்கப்பட வேண்டும். லாரிக்கு இரண்டு ஓட்டுநர்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சோதனை, செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பு. பாதையோர ஊர்களின் போலீஸாருக்கும் மருத்துவமனைகளுக்கும் பயிற்சி. முதல் லாரி 1999 மார்ச் 26 அதிகாலை வந்து சேர்ந்தது. இதுவரை 13,000-க்கும் மேற்பட்ட நடைகள் போய்விட்டன. 2014இல் அங்கே பெரிய விபத்து நடந்தது உண்மை. அது சாலையில் நடக்கவில்லை, சுரங்கத்துக்குள் ஒரு பீப்பாயில் நடந்தது. கழிவோடு தவறான வகைப் பூனை மணலைக் கலந்து அடைத்ததில் அது சூடேறி வெடித்துவிட்டது.

சான்டா ஃபே நகரத்தைச் சுற்றி அந்த லாரிகளுக்காக ஒரு புறவழிச்சாலை போட்டபோது நடந்த வழக்கு இன்னும் சுவையானது. சாலைக்கு நிலம் கொடுத்த ஒரு தம்பதி, மிச்ச நிலத்தின் விலையும் விழுந்துவிட்டது என்று நீதிமன்றம் போனார்கள். ஆபத்து உண்டா இல்லையா என்ற வாதமே அங்கே எடுபடவில்லை. வாங்க வருகிறவர் பயப்படுகிறார், பயத்தால் விலை குறைகிறது, அந்த நஷ்டம் நிஜம். நடுவர் குழு அதற்கென்றே 3,37,815 டாலர் ஒதுக்கியது. 1992இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2006இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட போக்குவரத்து அறிக்கை, பாதுகாப்பாக எடுத்துச் செல்ல அடிப்படைத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, சமூக அளவிலான இத்தகைய பாதிப்புகளையும் தனியே எடுத்துப் பேசியது. நீண்ட நேரம் எரியும் தீயைப் பற்றி இன்னும் ஆராய வேண்டும் என்றும் அது சொன்னது.

2024இல் அமெரிக்க எரிசக்தித் துறை பழைய கோப்பைத் திரும்பவும் எடுத்தது. முழு அளவுப் பெட்டகம் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் சோதித்துக் காட்டலாமா, எப்படிச் செய்தால் நம்புவீர்கள் என்று கருத்துக் கேட்டது. அதே ஆண்டு, பெட்டகங்களைச் சுமப்பதற்கென்றே செய்த ‘அட்லஸ்’ என்ற 12 அச்சு வேகனுக்கு ரயில் நிறுவனங்களின் சங்கம் ஒப்புதலும் தந்தது. அது ஏற்றிப்போக வேண்டிய சுமார் 90,000 டன் எரிபொருள் நாட்டின் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. சட்டப்படி அது போய்ச் சேர வேண்டிய இடம் இன்றைக்கும் யூக்கா மலைதான். அந்தத் திட்டத்துக்கு ஒபாமா ஆட்சியில் நின்றுபோன பணம் அதன்பின் வரவில்லை.