அரைப் பேர்: தேயிலை மலையும் துப்பறியும் கதைகளும்

பழைய திரைப்படங்களும் சரித்திர மர்ம நாவல்களும் என் நெடுநாளைய பலவீனங்கள். பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், கடைசிப் பக்கமும் அச்சுக்குப் போன பின்னர், விடியும்வரை கையில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். ஓய்வுபெற்ற பின்னரும் அப்பழக்கம் போகவில்லை. அண்மையில் 'எலிபண்ட் வாக்' திரைப்படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். அதன் விளைவே இக்குறிப்பு.

ரொபர்ட் ஸ்டாண்டிஷ் 1948-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, வில்லியம் டீட்டர்லே இயக்கத்தில் 1954-இல் வெளிவந்த படம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான் களம். முதலில் கதாநாயகியாக நடிக்கவிருந்தவர் விவியன் லீ. 1953-இல் இலங்கைக்கு வந்து சில காட்சிகளில் நடித்த நிலையில் அவர் நோயுற்றார். அவரது இடத்துக்கு எலிசபெத் டெய்லர் வந்தார். தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட சில காட்சிகளில் இன்றும் விவியன் லீயே இருக்கிறார் என்பார்கள். ஒருத்தியின் நிழலில் இன்னொருத்தி நடித்த படம். அதுவே ஒரு மர்மக் கதைக்குப் போதும்.

யானைகள் வழக்கமாகச் செல்லும் தடத்தை மறித்துப் பங்களா கட்டிய ஒரு துரை. அவர் இறந்த பின்னும் அவ்வீட்டை ஆளும் அவரது நினைவு. அங்கே மணமாகி வரும் இளம்பெண். இறுதியில் யானைகள் பங்களாவுக்குள் புகுகின்றன, பங்களா தீக்கிரையாகிறது. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் நினைவுக்கு வரும். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுந்த ஆலயம் அது. ஊவாவில் சாலைகள் அமைத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்றவர். 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் பலித்தது என்று பதுளையில் இன்றும் சொல்வோர் உண்டு. திரைக்கதை ஆசிரியர்கள்கூட இவ்வளவு துணிந்து எழுதமாட்டார்கள்.

இப்படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஊவாவில்தான். இளம் செய்தியாளனாக அங்கே சென்றிருந்தபோது, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உடன் வந்தார். படத்தில் தோட்டத்தை வாந்திபேதி தாக்குகிறது. நோய் கண்ட குடியிருப்புகள் கொளுத்தப்படுகின்றன. துரைசானி களத்தில் இறங்கிப் பணிசெய்கிறாள். நான் கண் கலங்கியிருந்தேன். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது பெரியவர் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க தம்பி. வாந்திபேதியில செத்தவங்களுக்கு யாரு பேரு போட்டது?"

மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒருநாள் வேலைக்கான பதிவு. காலையில் பிரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து பறித்தால் 'முழுப் பேர்'. குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாள் கூலி. மனிதரின் பெயரும் அவரது கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடம் அது. வாழ்நாள் முழுவதும் ஏட்டில் பேர் போட்டவர் அந்தப் பெரியவர். இறந்தவர்களின் பேர் எந்த ஏட்டில் என்று அவர் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. படத்தில் எனக்கு முகத்தோடு நினைவில் நின்ற உள்ளூர்க்காரர், ரங்கூனில் பிறந்த ஆபிரகாம் சோஃபேர் நடித்த தலைமைப் பணியாளர் அப்புகாமி ஒருவரே.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2015-இல், டைனா ஜெஃபரிஸ் எழுதிய 'த டீ பிளாண்டர்ஸ் வைஃப்' வெளிவந்து உலகெங்கும் விற்றது. களம் 1920-களின் இலங்கை. இங்கிலாந்திலிருந்து வரும் இளம் மனைவி, கணவன் மறைக்கும் முன்கதை, ஒரு பிரசவத்தின் இரகசியம். விறுவிறுப்பான நூல், ஒரே இருப்பில் படித்தேன். ஆயினும் புதிரும் அதன் விடையும் பங்களாவுக்கும் துரையின் குடும்பத்துக்கும் உள்ளேயே கிடக்கின்றன. லயங்களில் வாழ்ந்தோருக்கு இரகசியங்களே இல்லைபோலும்!

உண்மையில் மலையகத்தின் மர்மக் கதை லயத்தில்தான் தொடங்குகிறது. அதற்குரிய தடயமும் நம்மிடம் உண்டு: 'துண்டு'. கங்காணியும் அவன் கூட்டத்தாரும் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கொடுப்பவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆட்களும் கைமாறினார்கள். கடனை வாங்கியவர் யார், அது வளர்ந்தது எப்படி என்பது தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்புதிரைத் துப்பறிய வந்தவரும் ஒரு பத்திரிகையாளரே: கோ. நடேசய்யர். தஞ்சையில் 1887-இல் பிறந்தவர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடும் காலம். அவர் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே புகுந்து தொழிலாளர் நிலையை நேரில் கண்டார் என்பது மலையகம் மறவாத வரலாறு. பின்னர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' இதழ்களை நடத்தினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென அகில இலங்கை இந்தியத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவர் துப்பறியும் நாவலும் எழுதியவர். 1924-இல் வெளிவந்த அதன் பெயர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. தலைப்பைக் கண்டதும் ஆங்கில மர்மக் கதை வாசகர்களுக்குப் பரோனஸ் ஓர்சியின் கிழவர் நினைவுக்கு வருவார். இலண்டன் தேநீர்க்கடை ஒன்றின் மூலையில் அமர்ந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டும் அவிழ்த்தும், ஒரு பெண் பத்திரிகையாளருக்குக் குற்றங்களின் முடிச்சை அவிழ்த்துக் காட்டுபவர் அவர். மேசையில் தேநீர்க் கோப்பை. அத்தேநீரைப் பறித்த கைகளின் புதிரோ நடேசய்யருக்கு. அந்த நாவல் வந்த 1924-இல்தான் புகையிரதப் பாதையும் பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிப்போக வழி திறந்த ஆண்டும் அதுவே.

மலையக மக்கள் தமக்கென்று காலநாடகம் இல்லாதவர்களும் அல்லர். மாசி மாதக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஊவாத் தோட்டங்களில் விடிய விடிய நடந்ததை நான் கண்டிருக்கிறேன். பகலில் அரைப் பேர் வாங்கியவர் இரவில் அருச்சுனனாக நிற்பார். துரைமாரும் அவர்முன் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள்.

திரையிலும் முயற்சிகள் நடந்தன. 1963-இல் 'தோட்டக்காரி' வந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975-இல் வந்தது. அதற்கு வசனம் எழுதிய தெளிவத்தை ஜோசப் நம் ஊவா மண்ணின் மைந்தர். ஹாலிஎலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் பிறந்தவர். பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன் சூடிக்கொண்டவர். 'காலங்கள் சாவதில்லை' நாவலை 1974-இல் தந்தார். 2013-இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022-இல் மறைந்தார். பேர் போடும் ஏட்டைத் துரையின் மேசையிலிருந்து எடுத்து, தாமே எழுதத் தொடங்கியவர்களின் தலைமுறை அது.

ஆனால் பெரியவரின் கேள்வி அந்தத் தலைமுறையோடு தீர்ந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29-ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்த இடம். முதலில் நூற்றுக்கணக்கானோர் மண்ணுள் என்றார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பலரின் உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை. அச்செய்திகளைப் படித்தபோது எனக்குப் பெரியவரின் குரல்தான் கேட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் காலையில் ஆட்களை எண்ணிய ஒரு தொழிலில், ஒரு காலைப்பொழுதில் எத்தனைபேர் இருந்தார்கள் என்று உடனே சொல்ல எவராலும் இயலவில்லை.

பழைய படங்களைப் பார்ப்பதை நான் நிறுத்தப் போவதில்லை. பங்களாவின் மாடிப்படியும் மழையும் விளக்கொளியும் என்னை இன்னமும் கவர்கின்றன. ஆயினும் மர்ம நாவலின் முதல் இலக்கணம் இறந்தவர் யார் என்று கேட்பது. ஊவாவின் மலைகளைக் களமாகக் கொண்டு இனி எழுதப்போகும் இளைஞர்கள் அந்த முதல் கேள்வியை லயத்திலிருந்து கேட்டுத் தொடங்கட்டும். தேடவேண்டிய ஏடுகள் தோட்ட அலுவலகங்களின் பழைய அலமாரிகளில் இன்னமும் எஞ்சியிருக்கக்கூடும். கறையான் அரிப்பதற்கு முன் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.