பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒரு துளி

1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த வானிலையாளர் டோர் பெர்ஜெரான், நார்வேயின் ஆஸ்லோ நகரை ஒட்டிய வோக்சென்கோலன் குன்றில் சில வாரங்கள் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார். ஃபர் மரக் காட்டுக்குள் நடந்துவருவார். குன்றை அடிக்கடி மூடுபனி சூழும். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் அது நடைபாதைவரை இறங்கி வந்தது. பூஜ்ஜியத்துக்கு ஐந்து, பத்து டிகிரி கீழே போனாலோ மரங்களுக்கு நடுவே பாதை தெளிவாகத் தெரிந்தது. மூட்டம் மேலேயே நின்றுவிட்டது.

அவருக்குத் தோன்றிய விளக்கம் இது. அந்தக் குளிரிலும் மூட்டத்தின் துளிகள் நீராகவே இருக்கின்றன. கிளைகளில் படிந்த பனி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காற்று உலர, துளிகள் ஆவியாகிவிடுகின்றன. மேகத்துக்குள்ளும் அப்படித்தான். ஒரு பனிப் படிகம் உருவாகிவிட்டால், சுற்றியுள்ள நீர்த்துளிகளைத் தின்று பெருத்துக் கீழே விழும். (கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட வெகனர், இதன் விதையை 1911லேயே தன் புத்தகத்தில் போட்டு வைத்திருந்தார். மனுஷன் எதைத் தொட்டாலும் காலத்துக்கு முந்திதான்.)

தண்ணீர் பூஜ்ஜியத்துல உறையும்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம்? மேகத்தில் அப்படியில்லை. பற்றிக்கொள்ள ஏற்ற தூசு கிடைக்காத சிறு துளி, மைனஸ் 38 டிகிரி வரைக்கும்கூட நீராகவே தாக்குப்பிடிக்கும்.

பல பத்தாண்டுகள் கழித்து இந்தச் சங்கதி கணினிக்குள் வந்து நின்றது. காலநிலை மாதிரி என்பது காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கணக்குப் போடும் நிரல். அன்று ஒரு கட்டத்தின் அகலமே சில நூறு கிலோமீட்டர். அதற்குள் துளியை எங்கே தேடுவது? ஆரம்பகால மாதிரிகள் பல, ஈரப்பதத்தைப் பார்த்து ‘இங்கே மேகம் உண்டு’ என்று குறித்துக்கொண்டதோடு சரி. பிறகு வெப்பநிலையை வைத்து ஒரு விதி எழுதினார்கள். பூஜ்ஜியத்துக்கு மேல் முழுக்க நீர், மைனஸ் 15க்குக் கீழே முழுக்கப் பனி, நடுவில் இரண்டும் கலந்து. சில வரி நிரல், அவ்வளவுதான்.

1989இல் பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ஜான் மிட்செல், கேத்தரின் சீனியர், வில்லியம் இங்ராம் மூவரும் கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பழைய மேக விதியில் பூமி 5.2 டிகிரி சூடானது. நீரையும் பனியையும் பிரித்த விதியில் 2.7. மேகத்தில் உள்ள நீரின் அளவுக்கேற்ப அதன் வெண்மையும் மாறலாம் என்று விட்டபோது 1.9. அதே பூமி, அதே வாயு!

பனிப் படிகங்கள் எண்ணிக்கையில் குறைவு, உருவில் பெரிது, சீக்கிரம் விழுந்துவிடும். நீர்த்துளிகள் நுண்ணியவை, ஏராளம்; வெகுநேரம் மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். பூமி சூடாகும்போது பனி மேகம் நீர் மேகமாகி, வெண்மை கூடி, சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். இயற்கையே வைத்த பிரேக் மாதிரி.

ஆனால் மாறுவதற்குப் பனி இருந்தால்தானே பிரேக் பிடிக்கும்?

2006இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள், மேகங்கள் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சியது. உருண்டைத் துளியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் திசை பெரும்பாலும் மாறாது. கோணல்மாணலான படிகத்தில் பட்டால் மாறிவிடும். இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, மாதிரிகள் பனி என்று நினைத்த பல இடங்களில், முக்கியமாகத் தென்பெருங்கடலின் மேல், உறையாத நீர் இருந்தது. 2016இல் ஐவி டான், ட்ரூடே ஸ்டோரெல்மோ, மார்க் செலின்கா மூவரும் ஓர் அமெரிக்க மாதிரியை இந்தத் தரவுக்கு ஏற்பத் திருத்தினார்கள். 4 டிகிரி என்றிருந்த சூடு, 5.0 முதல் 5.3 வரை ஏறியது. பிரேக்கின் பெரும்பகுதியை நாம் இல்லாத பனியில் கணக்கு வைத்திருந்தோம்.

அதே மாதிரிக் குடும்பத்தில் அடுத்து வந்த சிஇஎஸ்எம்2வும் 5க்கு மேல் காட்டியது. பயப்படுவதா, நம்புவதா? அதை 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் ஓடவிட்டார்கள். பூமி 11 டிகிரிக்கும் மேல் குளிர்ந்துபோனது. பழங்காலப் படிவுகளின் சாட்சியம் அவ்வளவு குளிரை ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்த்தால், மேகத்தில் பனிப் படிகங்களின் எண்ணிக்கைக்கு யாரோ போட்டுவைத்த, பொருந்தாத ஓர் உச்சவரம்பு. அதை நீக்கி, கணக்கிடும் கால இடைவெளியையும் குறுக்கியபோது, எண் 4க்குப் பக்கத்தில் இறங்கி நின்றது.